வழியனுப்பிவிட்டுத் திரும்பி வருகிறவள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது, பலகைத் தட்டிதான். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் கணக்குப் படிப்பித்தேன், அந்தப் பக்கம் அம்பிகை இங்கிலிஷ் படிப்பித்தாள். ஆகவே புங்குடுதீவுப் பிள்ளைகளின் காதில் விழுந்த இங்கிலிஷ் அவ்வளவும் என் காதிலும் விழுந்தது. அவர்கள் மறந்துவிட்டார்கள். எனக்கு மறக்கவில்லை, பத்து வருஷமாக ஒரே பாடத்தைக் கேட்டால் எப்படி மறக்கும்?

ஒன்பதாம் வகுப்பில் வருகிற 'சீ ஓஃப்' பாடம் எனக்கு நன்றாக ஞாபகம். இங்கிலிஷில் சின்ன வினைச்சொல்லுக்கு ஒரு வால் முளைத்துவிட்டால் அதன் பொருளே வேறாகிவிடும் என்று அம்பிகை தொடங்குவாள். 'சீ' என்றால் பார். 'ஓஃப்' என்றால் அப்பால் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் தனித்தனியே பிய்த்துப் பார்த்தால் ஒன்றும் கிடையாது, ஒன்றாக வைத்தால் வழியனுப்புவது. அனுப்பப்படுகிறவருடைய பெயரை ஓஃபுக்கு முன்னாலும் வைக்கலாம் பின்னாலும் வைக்கலாம். அவன், அவள் என்றால் மட்டும் நடுவில்தான் வைக்க வேண்டும், சீ ஹிம் ஓஃப். இதெல்லாம் எந்த இங்கிலிஷ் ரீச்சரும் சொல்லுவதுதான். பொருளை மட்டும் அவள் தன்னுடைய முறையில் சொல்லுவாள்.

"போறவரோடை கொஞ்சத் தூரம் போறது. பஸ்சடியோ துறையோ, ஓரிடத்திலை நிக்கிறது. அவர் போறதைப் பாக்கிறது. பிறகு திரும்பி வீட்டை வாறது. இவ்வளவும் சேந்ததுதான் சீ ஓஃப். கூடவே போனாலும் சரிவராது, அங்கையே நிண்டாலும் சரிவராது."

திரும்பி வருவதை ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்லுகிறாள் என்று முதல் நான் யோசித்ததில்லை. இங்கிலிஷ்காரனுடைய பாஷை, அவனுக்கு ஆயிரம் சட்டம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அம்பிகை வேலணையில் பிறந்தவள். பரமலிங்கத்தாரைக் கலியாணம் செய்து எங்கள் ஊருக்கு வந்தாள். புங்குடுதீவு ஆண்களில் பாதிப்பேர் அந்தக் காலத்தில் தெற்கே கடை வைத்திருந்தார்கள். பரமலிங்கத்தாரும் எங்கள் ஊர் வைத்திலிங்கமும் பங்காளிகளாக ஒரு சிறு பட்டணத்தில் பலசரக்குக் கடை நடத்தினார்கள். வருஷத்தில் மூன்று தரம் வீட்டுக்கு வருவார், பத்து நாள் நிற்பார், போவார். பிள்ளைகள் இல்லை. கடையும் கணவனும் தூரத்திலே, பள்ளிக்கூடமும் கிணறும் பக்கத்திலே என்று அவள் பாட்டில் இருந்தாள். நான் அப்போது கலியாணம் ஆகாதவள், இப்போதும் ஆகாதவள். அதனால் எங்கள் இருவருக்கும் பின்னேரங்களில் நிறைய நேரம் இருந்தது.

எண்பத்துமூன்று ஆடியில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கடை எரிந்தது. அங்கே எரிந்த கடைகளுக்குக் கணக்கில்லை, அதில் இதுவும் ஒன்று. அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் வைத்திலிங்கம் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார், உடுத்த சாறத்தோடு. பரமலிங்கத்தார் வரவில்லை. கடைக்கு நெருப்பு வைத்ததும் பின்பக்கத்தால் ஓடினோம், பரமு எந்தப் பக்கம் ஓடினான் என்று தெரியாது என்று வைத்திலிங்கம் சொன்னார். பிறகு முகாம்களில் விசாரித்தார்கள், ஆஸ்பத்திரிகளில் விசாரித்தார்கள். ஆளும் இல்லை, உடலும் இல்லை.

உடல் இல்லாததால் செத்தவீடு இல்லை. செத்தவீடு இல்லாததால் அழுகை இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட அவளுடைய முற்றத்தில் நின்று, வந்திடுவார் ரீச்சர், யோசியாதையுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கண்ணீர் விட்டால் அபசகுனம் என்று மச்சாள்மார் அதட்டினார்கள். அவளும் நம்பினாள். பொட்டு வைத்தாள், தாலி போட்டாள், சேலையைக் கொய்து உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தாள்.

எங்கள் பக்கத்தில் பயணம் வெளிக்கிடும்போது எதிரே முதல் வருகிற ஆளை முழுவியளம் என்போம். பொட்டும் பூவுமாக ஒரு சுமங்கலி நிறைந்த செம்போடு வந்தால் நல்ல முழுவியளம். விதவை வந்தாலோ வெறுங்குடம் வந்தாலோ கூடாது. திரும்பி வீட்டுக்குப் போய், கொஞ்ச நேரம் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிட வேண்டும். நல்லது தானாக எதிரே வரட்டும் என்று எங்கள் ஆட்கள் காத்திருப்பதும் இல்லை. ஒழுங்கை திரும்புகிற முடக்கில் ஒரு சுமங்கலியை முதலே கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். பயணக்காரன் படலையைத் திறந்ததும் அவள் தற்செயலாக வருவதுபோல எதிரே நடந்து வருவாள். கடவுளையே பேய்க்காட்டுகிற வேலை. இதில் படித்தவர், படியாதவர் என்ற வித்தியாசம் எங்கள் ஊரில் நான் காணவில்லை.

எண்பத்துநான்கில் வைத்திலிங்கத்தின் மூத்த மகன் ஜேர்மனிக்கு வெளிக்கிட்டான். முடக்கில் நிற்க வேண்டிய சுமங்கலி பிந்திவிட்டாள். படலையைத் திறந்தால் எதிரே அம்பிகை, ஒரு கையில் குடை, மறுகையில் கொப்பிக்கட்டு. கணவன் இருக்கிறாரோ இல்லையோ என்று தெரியாத ஒருத்தி! வைத்திலிங்கத்தின் மனைவி மகனைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பஸ் ஹோர்ன் அடித்தது. வேறு வழியில்லாமல் பெடியன் போனான்.

அவன் ஒரு இடைஞ்சலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தான். அதே கிழமை பக்கத்து ஒழுங்கையிலிருந்து பட்டுச்சேலை முழுவியளத்தோடு போன இன்னொருவனை ஏதோ ஒரு விமான நிலையத்தில் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பனம்பழம் விழுந்தபிறகு எங்கள் ஊர் காகத்தை விடுமோ? அம்பிகை ரீச்சரின்ரை முழுவியளம் பொன்னான முழுவியளம் என்று ஒரு மாதத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அன்றிலிருந்து பிரான்சுக்குப் போகிறவனுக்கும் அவள்தான், சுவிசுக்குப் போகிறவனுக்கும் அவள்தான். விடியற்காலையில் வந்து படலையைத் தட்டுவார்கள். அவள் முழுகி, பொட்டு வைத்து, பித்தளைச் செம்பில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு முடக்கில் போய் நிற்பாள். எதிரே வந்ததோடு விடமாட்டார்கள். ரீச்சரும் பஸ்சடி மட்டும் வந்தால் நல்லது என்பார்கள். பஸ்சடிக்கும் போவாள். பெடியன் ஏறுவான், தாய் குழறுவாள், பஸ் பாலத்தடிப் பக்கம் திரும்பும். பிறகு செம்பையும் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, முதல் பாடத்துக்கு மணி அடிக்கும்போது தட்டிக்கு அந்தப் பக்கம் நிற்பாள்.

ஒருமுறை 'சீ ஓஃப்' வைத்துப் பிள்ளைகளை வசனம் எழுதச் சொன்னாள். ஒவ்வொருவராக எழும்பி வாசித்தார்கள். அம்பிகை ரீச்சர் என் அண்ணாவை வழியனுப்பினா. அம்பிகை ரீச்சர் என் மாமாவை பஸ்சடியில் வழியனுப்பினா. வகுப்பு முழுக்க அதே வசனம்தான், அண்ணாவும் மாமாவும் சித்தப்பாவும் மட்டும் மாறினார்கள். எனக்குத் தட்டிக்கு இந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. அப்போது ஒரு பெண்பிள்ளை எழும்பி, நீங்கள் பரமலிங்கம் மாமாவை எங்கே சீ ஓஃப் பண்ணினீர்கள் ரீச்சர் என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, வசனத்துக்கு இடம் வேண்டும் என்று கேட்டாள்.

"அவரை நான் சீ ஓஃப் பண்ணேல்லை," என்றாள் அம்பிகை. "எனக்கு அண்டைக்குப் பள்ளிக்கூடம்."

அது உண்மைதான். ஆனித் திருவிழாவுக்கு வந்து நின்றவர் கடைசியாகப் போன அன்று தவணைப் பரீட்சை. அவள் முதலே வெளிக்கிட்டுவிட்டாள், அவர் பிந்தின பஸ்ஸில் போனார். சவரம் செய்துகொண்டிருந்தவரிடம் போட்டு வாறன் என்று சொல்லி விடைபெற்றது அவள்தான். போகிறவர் சொல்ல வேண்டியதை நான் சொல்லிப்போட்டேன் இலட்சுமி என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். இலட்சுமிப்பிள்ளை என்ற என் முழுப் பெயரைப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லுவதில்லை, அவள் இலட்சுமி என்பாள், மற்றவர்கள் கணக்கு ரீச்சர் என்பார்கள்.

எண்பத்தெட்டில் வைத்திலிங்கம் இளைப்பு வருத்தத்தில் படுக்கையில் விழுந்தார். அம்பிகையை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நானும் துணைக்குப் போனேன். அவருடைய மூன்று பெடியன்களும் அதற்குள் வெளிநாடு போய்விட்டார்கள். மூவருக்கும் முழுவியளம் அவள்தான். கடைசி மகன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று செய்தி வந்து இரண்டு நாள். மனிதர் தலையணையில் சாய்ந்துகொண்டு மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பேசினார்.

"பிள்ளை, பரமு என்ரை கண்ணுக்கு முன்னாலைதான் விழுந்தவன். நான் மதிலுக்கு அங்காலை நிண்டு பாத்தனான். பாத்துப்போட்டு ஓடி வந்தனான்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. ஐந்து வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று நான்தான் கேட்டேன். முதல் வாய் வரவில்லை என்றார். பிறகு, பெடியன்கள் மூன்றுபேரும் வெளிக்கிட இருந்தாங்கள், கண்டியளோ என்றார். அவர் அதை மறைக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. சொன்னால் அம்பிகை பொட்டை அழித்துவிடுவாள், பெடியன்களுக்கு அந்த முழுவியளம் இல்லாமல் போகும். அதுதான் கணக்கு. நான் வாழ்நாள் முழுக்கக் கணக்குப் படிப்பித்தவள், இப்படி ஒரு கணக்கைக் கண்டதில்லை.

அம்பிகை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். உடனை சீவன் போச்சுதோ என்று கேட்டாள். ஓம் பிள்ளை, உடனை போட்டுது என்றார். அவர் பொய் சொல்லுகிறார் என்று எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அந்த ஒரு பொய்க்காக மட்டும் அவரை நான் கொஞ்சம் மன்னித்தேன்.

திரும்பி வரும் வழியில் பனங்காணி தாண்டும்போது அவள் சொன்னாள்.

"அப்ப, அவரை சீ ஓஃப் பண்ணினது இவர்தான், என்ன? நிண்டு பாத்துப்போட்டுத் திரும்பி வந்திருக்கிறார்."



அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். கணவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, பொட்டைத் துடைத்துவிட்டு, வீட்டுக்குள் இருந்து ஒருமுறை வாய்விட்டு அழ வேண்டும். இது பெரிய ஆசையோ? உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையால் உருவம் செய்து எரிக்க எங்கள் சமயத்தில் வழி இருக்கிறது. செய்ய வேண்டியவர் பரமலிங்கத்தாரின் தம்பி தியாகலிங்கம். அவரிடம் போய்ச் சொன்னாள். தியாகலிங்கம் கெட்ட மனிதர் இல்லை, கோயிலில் தேவாரம் பாடுகிறவர். வைத்திலிங்கத்தார் வருத்தத்தில் பிதற்றியிருப்பார், காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் பொறுக்க வேணும் எண்டு சாத்திரம் இருக்கு அண்ணி என்று சொன்னார். வைத்திலிங்கமோ அதற்குள் கண்ணை மூடிவிட்டார், இன்னொருமுறை சொல்ல ஆள் இல்லை. சாத்திரத்தை எனக்கும் தெரியும், தியாகலிங்கத்தையும் தெரியும். அவருடைய ஒரே மகனுக்கு அப்போது பதினாறு வயது, இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் அனுப்ப வேண்டும்.

ஊரும் கேள்விப்பட்டுவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் ஒருவராவது செய்யாதையுங்கோ என்று சொல்லவில்லை, அங்கேதான் எங்கள் ஆட்களின் கெட்டித்தனம். ஒவ்வொரு தாயாக வந்து படலையில் நின்றார்கள். எங்கடை பெடியன் வாற மாதம் வெளிக்கிடுறான் ரீச்சர், அதுமட்டும் பொறுங்கோ. அந்தப் பெடியன் போனதும் இன்னொரு தாய் வந்தாள். அந்த வருஷங்களில் பெடியனை வீட்டில் வைத்திருப்பதென்றால் நெருப்பை மடியில் வைத்திருப்பதுதான். ஒருநாள் இந்தியன் ஆமி வந்து பிடித்தது, ஒருநாள் இயக்கம் ஆள் சேர்க்க வந்து கேட்டது. தாய்மாரையும் நான் எப்படித் திட்ட? ஆனாலும் திட்டினேன். வீட்டுக்குள் இருந்து திட்டினேன்.

அம்பிகையையும் திட்டினேன். இந்தக் கூத்தை நம்புகிறீரோ என்று கேட்டேன். நம்பவில்லை என்றாள். பிறகென்ன, போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று துடையும் என்றேன்.

"நான் நம்பாட்டிலும் அவையள் நம்புகினம், இலட்சுமி. நான் துடைச்சாப் பிறகு அந்தப் பெடியனுக்கு வழியிலை ஏதும் நடந்தால்? தாய்க்கு நான் என்னத்தைச் சொல்ல?"

ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தான் செத்துப்போனவரின் மனைவி என்று தெரிந்துகொண்டே, குங்குமத்தைத் தொட்டு வைத்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே களைப்பாக இருந்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! கண்ணுக்குக் கீழே கறுத்து, கால் வீங்கி, ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்கவே இரண்டு கையும் வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டாள். வகுப்பில் பிள்ளைகளும் குறைந்துகொண்டு போனார்கள். இருபதாகி, பிறகு பன்னிரண்டாகி, தட்டி தேவையில்லை என்று அதிபர் அதைக் கழற்றி எடுத்துவிட்டார்.

தொண்ணூறு ஆவணியில் பக்கத்துத் தீவில், ஊர்காவற்றுறையில், இலங்கை ஆமி இறங்கியது. பாலத்தால் யாழ்ப்பாணம் போகிற பாதை இல்லாமல் போயிற்று. அதன்பிறகு பயணமெல்லாம் வள்ளத்தில்தான். அடுத்த வருஷம் தியாகலிங்கத்தின் மகனும் அப்படித்தான் போனான். அம்பிகை முடக்கிலிருந்து செம்போடு எதிரே வந்தாள், கரைமட்டும் போனாள், வள்ளம் மறையுமட்டும் நின்றாள். அவன் கனடாவில் இறங்கின செய்தி வரட்டும், மறுநாளே அண்ணையின்ரை காரியத்தைச் செய்வோம் என்று தியாகலிங்கம் கற்பூரம் கொளுத்தாத குறையாகச் சத்தியம் செய்தார். பெடியன் கொழும்பில் ஏஜென்சிக்காரனுடைய அறையில் இருந்தான். ஆவணி போயிற்று, புரட்டாதி போயிற்று. செய்தி வரவில்லை.

ஐப்பசியில் எங்கள் ஊருக்குள்ளும் ஷெல் வந்து விழத் தொடங்கியது. ஆமி வருகுதாம் என்று சொன்னார்கள். இரண்டு நாளில் ஊரே கிளம்பியது. வள்ளங்கள் நிற்கிற கரைக்கு ட்ரக்ரரிலும் வண்டிலிலும் சைக்கிளிலுமாகச் சனம் போனது. என் தமக்கை குடும்பம் முதலே யாழ்ப்பாணத்தில். என்னைத் தியாகலிங்கத்தின் ட்ரக்ரரில் ஏறச் சொன்னார்கள். அம்பிகைக்கும் அதில்தான் இடம். விடிய நான் அவளுடைய வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, ஆள் இல்லை. தேட நேரம் இல்லை, வேறு யாரோடாவது போயிருப்பா என்று தியாகலிங்கத்தின் மனைவி செல்லாச்சி சொன்னாள். ட்ரக்ரர் இழுக்கிற பெட்டிக்குள் ஆடும் அலுமாரியும் பாய்க்கட்டும் நாங்களும் ஏறினோம். ட்ரக்ரர் படலையைத் தாண்டியது.

ஒழுங்கை முடக்கில், ஏழு வருஷமாக வந்த அதே இடத்திலிருந்து, அம்பிகை எதிரே வந்தாள்.

தலைமயிர் நனைந்து சொட்டியது. சேலை முழுக்க உப்புத் தண்ணீர். நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் தாலி இல்லை. கையிலே அந்தப் பித்தளைச் செம்பு, வெறுமையாக. அவள் எங்களுக்கு முழுவியளமாக வரவில்லை, நாங்கள் அந்த நேரம் வெளிக்கிடுவோம் என்று அவளுக்குத் தெரியாது. விடியமுன் கடலுக்குப் போயிருக்கிறாள். இனித் தம்பிக்காரனுக்காகக் காத்திருக்க ஊரே இல்லை என்று விளங்கி, பெண் செய்யக்கூடாது என்ற காரியத்தைத் தானே செய்திருக்கிறாள். எள்ளும் தண்ணீரும் இறைத்து, தாலியைக் கழற்றிக் கடலில் விட்டு, முழுகி எழும்பி வீட்டுக்கு வருகிறாள்.

ட்ரக்ரர் நின்றது. தியாகலிங்கத்தின் முகம் செத்துப்போயிற்று. விதவையும் வெறுங்குடமும் ஒன்றாக எதிரே! மகன் கொழும்பில், மனைவி பக்கத்தில், கரையில் வள்ளம். மனிதர் ட்ரைவரின் தோளைத் தட்டி, திருப்பு, வீட்டை திருப்பு என்றார். ட்ரைவர் அவரைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். எங்கேயோ வடக்குப் பக்கமாக ஒரு ஷெல் விழுந்தது. அதற்குப் பிறகும் அவர், ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுவம், ஒரு வாய் தண்ணிதானே என்று கெஞ்சினார். செல்லாச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ட்ரக்ரர் அந்த ஒடுங்கின ஒழுங்கையில் பின்னுக்கும் முன்னுக்குமாகத் திரும்பத் தொடங்கியது. ஆமியிடமிருந்து ஓடுகிற ஊர், அபசகுனத்துக்குப் பயந்து ஆமி வருகிற பக்கமே திரும்பியது.

எனக்கு அப்போது வந்த கோபத்தை எழுத ஏலாது. அம்பிகை வேலியோரமாக ஒதுங்கி நின்றாள். மன்னிப்புக் கேட்பதுபோல நின்றாள். அவள் மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆள் ஒருவர்கூட அந்தப் பெட்டிக்குள் இல்லை. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தேன். என்னுடைய பை ட்ரக்ரரோடு போயிற்று.

"நீர் ஏன் இறங்கினனீர்?" என்று கேட்டாள்.

"செத்தவீட்டுக்கு," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த செம்பை என்னிடம் தந்தாள், தூக்க மாட்டாதவள்போல.

வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்து, நடு வீட்டில் விளக்கைக் கொளுத்தி வைத்தேன். செத்தவீட்டுக்கு வருகிற பெண்கள் செய்வதுபோல அவளுடைய தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். அப்படி இருந்து எனக்குப் பழக்கமில்லை, செத்தவீடுகளில் நான் எப்போதும் வாசலோடு நிற்கிறவள். முதல் அவளுக்கு அழுகை வரவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாதவள்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒப்பாரி தெரியாது. பிறகு தலையில் அடித்துக்கொண்டு, நான் பள்ளிக்கூடம் போட்டன், நான் பள்ளிக்கூடம் போட்டன் என்று அழத் தொடங்கினாள். வேறு சொல் ஒன்றும் வரவில்லை, அந்த ஒன்றுதான். வெளியே ஷெல் விழுந்தது, அவள் அதைக் கேட்கவில்லை. நானும் அழுதேன். பரமலிங்கத்தாருக்காகவோ அவளுக்காகவோ ஊருக்காகவோ, எதற்கென்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

வெயில் சாயும்போது அவள் அடங்கினாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து, குசினிக்குள் இருந்த அரிசியில் கஞ்சி வைத்தாள். இருவரும் குடித்தோம். அன்றிரவு அவள் குறட்டை விட்டு நித்திரை கொண்டாள். நான் அவளோடு பழகிய காலத்தில் அவள் அப்படி நித்திரை கொண்டதைக் கண்டதில்லை.

மறுநாள் காலை, விட்ட வலையை எடுக்க வந்த லியோன் என்ற கடற்றொழிலாளி தன் சின்ன வள்ளத்தில் எங்களை ஏற்றினான். ஊரில் மிஞ்சியிருந்தது நடக்க முடியாத சில கிழங்கட்டைகளும் நாய்களும்தான். பிறகு கேள்விப்பட்டோம், தியாகலிங்கம் வீட்டுக்குப் போய் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அவருக்குச் சொல்லி வைத்த வள்ளம் போய்விட்டதாம். பின்னேரம்வரை கரையில் குந்தியிருந்து வேறொன்றில் போனாராம். அவருடைய மகன் அதே கிழமை கனடாவில் பத்திரமாக இறங்கினான். அம்பிகை பொட்டை அழித்து மூன்றாம் நாள்.

நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டபோது ஒழுங்கை முடக்கில் ஒருவரும் இல்லை. எங்களுக்கு எதிரே வர அந்த ஊரில் யார் இருந்தார்கள்? கரைவரை கூட வர, நின்று பார்க்க, திரும்பி வீட்டுக்குப் போக யாரும் இல்லை. அம்பிகை மட்டும் பழக்கத்தில் முடக்கடியில் ஒரு கணம் நின்றாள், பிறகு என்னோடு நடந்தாள்.

யாழ்ப்பாணம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம்.